கண்ணுக்கு ட்ரெய்னிங் 1,400 வெள்ளியாம், சேத்து விடலாமா?

6 ஜனவரி, சிங்கப்பூர் பொங்கோல்ல இருக்குற ஒரு அப்பா கேட்டது

பையன் இந்த வருஷம் பி6 (தொடக்கப்பள்ளி ஆறாவது), ஸ்கூல் பூப்பந்து, அதாவது பேட்மிண்டன், டீம்ல இருக்கான். ஒரு சென்டர்ல ஸ்போர்ட்ஸ் விஷன் ட்ரெய்னிங்னு ஒண்ணு, 12 கிளாஸ், 1,400 வெள்ளி. லைட்டு மின்னுற பலகைய வேகமா தட்டணும், அப்புறம் ஒரு கண்ணாடி, அத போட்டா பார்வை விட்டு விட்டு வருது, அதோட பந்து பிடிக்கணும். "விஞ்ஞான ரீதியா நிரூபிச்சது, சாம்பியன்களோட கண்ணு சாதாரண கண்ணு இல்ல"ன்னு அங்க உள்ளவரு சொல்றாரு. பையனுக்கு ரெண்டு கண்ணுலயும் கிட்டப்பார்வை, பவர் 300, அதாவது மைனஸ் 3. வீட்டுக்காரம்மா வேணாம்ங்குறாங்க, எனக்கு விட்டுட்டா பின்னாடி வருத்தப்படுவோமோன்னு இருக்கு. யாராச்சும் சேத்து விட்டிருக்கீங்களா?

6 ஜனவரி, இரவு 11:20

காசு இன்னும் கட்டலதானே? கட்டாதீங்க, கொஞ்சம் பொறுங்க. நான் கோர்ட்டுல தமிழ் மொழிபெயர்ப்பாளரா இருந்து ரிட்டயர் ஆனவன், டாக்டரும் இல்ல வக்கீலும் இல்ல. வார கடைசில கிளப் கிரிக்கெட்டுக்கு அம்பயரா நிக்குறேன், மக ஸ்கூல்ல பேட்மிண்டன் ஆடுனா, மகன் எகனாமிக்ஸ் படிச்சுட்டு வீட்டுல எத வாங்கினாலும் நொட்டை சொல்லுவான். இதெல்லாம் சேந்து இந்த சப்ஜெக்ட்ல எனக்கு ஒரு கிறுக்கு, கையில கெடைக்குற ஆய்வுக் கட்டுரையெல்லாம் படிச்சு வச்சிருக்கேன்.

அவரு சொன்னது முழுப் பொய் இல்ல. 1996ல வந்த ஒரு ஆய்வு, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் பேஸ்பால் ஆட்டக்காரங்க 387 பேரோட கண்ண அளந்தாங்க. சராசரியா 20க்கு 13 வந்துச்சு, அதாவது சாதாரண ஆளு 13 அடி கிட்ட வந்து படிக்குற எழுத்த இவங்க 20 அடில நின்னே படிக்குறாங்க. நல்ல கண்ணுதான், யாரு இல்லன்னா.

ஆனா அதுலேர்ந்து "கண்ண பழக்கினா சாம்பியன் ஆவலாம்"ன்னு எப்படி வருது? நல்ல கண்ணு உள்ளவன் அந்த இடம் வரைக்கும் வடிகட்டி வந்து சேந்திருக்கான், அவ்வளவுதான் அந்த ஆய்வு சொல்லுது. பாஸ்கெட்பால்காரன் உயரமா இருக்கான்னு பாத்துட்டு நம்ம பிள்ளைய பாஸ்கெட்பாலுக்கு அனுப்புனா வளந்துருவானா.

7 ஜனவரி, காலைல எம்ஆர்டில

ஒருத்தர விட்டுட்டேன். பட்டோடி நவாப்பு, இந்திய கிரிக்கெட் ஆட்டக்காரரு. 1961 ஜூலைல இங்கிலாந்துல கார் விபத்து, வலது கண்ணு பார்வை போச்சு. அதே வருஷம் டிசம்பர்ல டெல்லில டெஸ்ட்ல எறங்கிட்டாரு, 1962 ஜனவரில மெட்ராஸ்ல 103 அடிச்சாரு, கெட்டுப் போன கண்ணுல தெரியுற ரெண்டாவது பிம்பம் தொல்லை பண்ணக்கூடாதுன்னு தொப்பிய வலது பக்கம் இழுத்து விட்டுக்கிட்டு. மார்ச்ல கேப்டன், வயசு 21. எங்க அப்பா இத தோ பாயோ கோப்பிக்கடைல கேக்குறவங்க கேக்காதவங்க எல்லாருக்கும் சொல்லுவாரு.

7 ஜனவரி, இரவு 10:45

"விதிவிலக்க வச்சு வாதாடாதீங்க, அவரு நவாப்பு"ன்னு ஒருத்தர் போட்டிருக்காரு. நவாப்பா இருந்தா ஃபாஸ்ட் பௌலர் மெதுவாவா போடுவான்? ஆனா நியாயம்தான், ஒரு ஆள வச்சு முடிவு சொல்லக்கூடாது. அப்ப ஆய்வுக்கே போவோம், கொஞ்சம் நீளமா போகும், வேலை இருக்குறவங்க பாத்துட்டு அப்புறமா வாங்க.

முதல்ல கிரிக்கெட். மைக்கேல் லேண்ட், பீட்டர் மெக்லியோட்னு ரெண்டு பேரு 2000ல செஞ்சது. மூணு பேட்ஸ்மேன் தலையில கேமரா மாட்டி, பௌலிங் மெஷின்ல பந்து போட்டு, கண்ணு எங்க போகுதுன்னு பாத்தாங்க. நாம நெனைக்குறது என்ன, பந்த கடைசி வரைக்கும் பாக்கணும், கோச்சு எல்லாரும் அதத்தான் கத்துறாங்க. மூணு பேருமே அப்படிப் பாக்கல. பந்து வெளிய வர்றத பாக்குறாங்க, ஒடனே கண்ணு குதிச்சு பந்து பிட்ச் ஆகப் போற இடத்துக்கு முன்னாடியே போய் நிக்குது, பந்து பின்னாடி வருது. நல்லா ஆடுறவனுக்கும் சுமாரா ஆடுறவனுக்கும் வித்தியாசம், அந்தக் குதி எவ்வளவு சீக்கிரம் வருதுங்குறதுலதான். எங்க பிட்ச் ஆகும்னு முன்கூட்டியே தெரியணும்ல, அது கண்ணு பவர் இல்ல, அனுபவம்.

இப்ப நம்ம ஆட்டம். ஆஸ்திரேலியாவுல புரூஸ் ஏபர்னத்தி, ரசல்னு இன்னொருத்தரோட சேந்து 1987ல பேட்மிண்டன்லயே செஞ்சாரு. எதிராளி அடிக்குற படத்த ராக்கெட் ஷட்டில்ல படுறதுக்கு முன்னாடியே வெட்டிருவாங்க, சில படத்துல கைய மறைப்பாங்க, சிலதுல ராக்கெட்ட மறைப்பாங்க, ஷட்டில் எங்க விழும்னு சொல்லணும். புதுசா ஆடுறவங்க ராக்கெட்ட மட்டும் வச்சு சொன்னாங்க. தேர்ந்தவங்க ராக்கெட்டோட சேத்து அத பிடிச்சிருக்குற கையயும் படிச்சாங்க, அதனால இன்னும் முன்னாடியே தெரிஞ்சுது. ஷட்டில் கெளம்புறதுக்கு முன்னாடியே பாதி வேலை முடிஞ்சு போகுது.

இத நீங்களே வீட்டுல செஞ்சு பாக்கலாம், காசு செலவில்ல. 2021 உலக சாம்பியன்ஷிப் ஃபைனல், ஸ்பெயின்ல உவெல்வா, நம்ம லோ கீன் யூ இந்தியாவோட ஸ்ரீகாந்த 21-15, 22-20ன்னு ஜெயிச்சது, வீடியோ கெடைக்கும். சவுண்ட ஆஃப் பண்ணிட்டு, ராக்கெட் மேலேர்ந்து எறங்கும்போதே நிறுத்துங்க. ஸ்மாஷா (ஓங்கி அடிக்குறது) ட்ராப்பா (நெட்டு கிட்ட மெல்ல போடுறது), லெஃப்டா ரைட்டா? என் மகளோட உக்காந்து இப்படி விளையாடியிருக்கேன். அவ டிவிய பாத்த மாதிரியே இல்ல, ஃபோன்ல யாருக்கோ மெசேஜ் தட்டிக்கிட்டே "க்ராஸ் ட்ராப்"ம்பா, ப்ளே பண்ணா க்ராஸ் ட்ராப்பு. நான் மூக்கு மேல மூக்குக்கண்ணாடிய ஏத்தி ஏத்தி பாத்தாலும் ஸ்மாஷ்னுதான் சொல்லுவேன், ஏன்னா கை மேல போனாலே எனக்கு ஸ்மாஷ்தான். எப்படிடி தெரியுதுன்னா, "முழங்கை லேட்டா வருதுப்பா"ன்னா. எனக்கு இன்னி வரைக்கும் அந்த முழங்கை லேட்டா வர்றது தெரியல.

8 ஜனவரி

ஜென்னி ஃபின்ச் பத்தி ஞாபகப்படுத்துன அக்காவுக்கு நன்றி. தெரியாதவங்களுக்கு: அமெரிக்க சாஃப்ட்பால் பிட்ச்சர், 2004ல ஒரு காட்சி ஆட்டத்துல ஆல்பர்ட் புஹோல்ஸ் மாதிரி பெரிய பேஸ்பால் ஆளுங்கள வரிசையா அவுட்டாக்குனாங்க. அதே கண்ணுதான். கைய கீழேர்ந்து சுத்திப் போடுற பந்த அவங்க பாத்துப் பழகல, படிக்கத் தெரியல. கண்ணு பவர்தான் எல்லாம்னா அன்னிக்கு மட்டும் எங்க போச்சு?

9 ஜனவரி, மத்தியானம்

நான் எழுதுனத படிச்சுட்டு "அப்ப கண்ணு முக்கியமே இல்ல"ன்னு சில பேரு கெளம்பிட்டாங்க. நான் அப்படி சொல்லல, ஆனா அப்படி எடுத்துக்கலாம் போலத்தான் எழுதியிருக்கேன், அதனால எல்லை போட்டுடறேன்.

டேவிட் மேனும் கூட்டாளிகளும் கிரிக்கெட் பேட்ஸ்மேன்களுக்கு வேணும்னே பார்வைய மங்கலாக்குற கான்டாக்ட் லென்ஸ் போட்டு ஆட விட்டாங்க, 2007ல ஒண்ணு, 2010ல ஒண்ணு. பிளஸ் 1 போட்டாலும் அடிக்குறாங்க, பிளஸ் 2 போட்டாலும் பெருசா கொறையல, ஆச்சரியம்தான். பிளஸ் 3 வந்தப்பதான் 2007 ஆய்வுல ஆட்டம் தெளிவா எறங்குச்சு.

இப்ப கவனிங்க பொங்கோல் தம்பி. நல்ல பார்வை உள்ளவனுக்கு பிளஸ் 3 லென்ஸ் போட்டா தூரத்துல எவ்வளவு மங்குமோ, கிட்டத்தட்ட அதே மங்கல்தான் நம்ம ஊர்ல 300ன்னு சொல்ற பையன் கண்ணாடிய கழட்டுனா. ஆட்டம் எறங்குன அதே இடம். ஒங்க பையன் ஆடும்போது கண்ணாடி போடுறானா?

9 ஜனவரி, இரவு

போடறதில்லையாம்!!! "வேர்த்து வழியுது, நழுவுது, ஃப்ரெண்ட்ஸ் கிண்டல் பண்றாங்க"ன்னு கழட்டி பேக்ல போட்டுட்டுதான் ஆடுறானாம். அந்த சென்டர்ல இத யாரும் கேக்கலையாம். 1,400 வெள்ளி வாங்கறவன் கேக்க வேண்டிய மொத கேள்வி இதுதான்னு எனக்குப் படுது.

நாளைக்கே ஒரு ஆப்டோமெட்ரிஸ்ட்கிட்ட கூட்டிட்டுப் போங்க. பவர புதுசா பாத்து, பாலிகார்பனேட் லென்ஸ் உள்ள, பின்னாடி பட்டி வச்ச ஸ்போர்ட்ஸ் கண்ணாடி வாங்குங்க. நழுவாதுங்குறது ஒண்ணு, ஷட்டில் கண்ணுல அடிச்சா காப்பாத்தும்ங்குறது ரெண்டு. ஷட்டில் தலை கண் குழிக்குள்ள போற அளவு சின்னது, டபிள்ஸ்ல நெட்டு கிட்ட நிக்குறவனுக்கு ஆபத்து நெஜம்தான். கான்டாக்ட் லென்ஸ்னு சில பேரு சொல்லுவாங்க, அது பார்வைக்கு ஓகே, அடிக்கு பாதுகாப்பு இல்ல.

கிண்டலுக்கு என்ன பதில்னா, பி6 முடிக்குறதுக்குள்ள இங்க நூத்துக்கு 65 பிள்ளைங்களுக்கு கிட்டப்பார்வை வந்துடுது. கிண்டல் பண்றவனும் நாளைக்கு கண்ணாடி போடப் போறவன்தான்.

11 ஜனவரி

"கண்ணாடி சரி, ஆனா ட்ரெய்னிங்கும் எக்ஸ்ட்ராவா கொஞ்சம் ஒதவும்ல?" நல்ல கேள்வி. ஏபர்னத்தி, வுட் ரெண்டு பேரும் 2001ல இதத்தான் சோதிச்சாங்க. நாலு குரூப்பு. ரெண்டு குரூப்புக்கு மார்க்கெட்ல இருந்த ரெண்டு விதமான கண் பயிற்சி. மூணாவது குரூப்பு டென்னிஸ் பத்தி படிச்சுட்டு டிவில மேட்ச் பாத்துச்சு, நாலாவது சும்மா ப்ராக்டீஸ் மட்டும். நாலு வாரம் கழிச்சு அளந்தா, சில அளவுல முன்னேற்றம் இருந்துச்சு, ஆனா எல்லா குரூப்புலயும் ஒரே மாதிரி. டிவி பாத்தவனும் கண் பயிற்சி செஞ்சவனும் ஒண்ணு. அதே டெஸ்ட்ட ரெண்டாவது தடவ எழுதுனா யாருக்கும் மார்க்கு கூடத்தான செய்யும்.

மின்னுற பலகைய தட்டித் தட்டி பழகுனா அந்தப் பலகைய தட்டுறதுல நீங்க ராஜா ஆவீங்க. அது கோர்ட்டுக்குள்ள வருமாங்குறதுதான் கேள்வி.

கண்ண எங்க வைக்கணும்னு சொல்லிக் குடுக்குற பயிற்சி வேற ரகம், அதுக்கு ஆதாரம் கொஞ்சம் தேவலாம். கனடாவுல கால்கரி பல்கலைக்கழகத்துல ஜோன் விக்கர்ஸ் 1996ல பாஸ்கெட்பால் ஃப்ரீ த்ரோவ வச்சு காட்டுனது: நல்லா போடுறவங்க எறியறதுக்கு முன்னாடி ஒரே எடத்துல கண்ண நிறுத்தி வச்சிருக்குற நேரம் அதிகம், சுமாரானவங்க கண்ணு அலை பாயுது. பேட்மிண்டன்ல ஷார்ட் சர்வ் போடும்போது இத முயற்சி பண்ணலாம்னு எனக்குத் தோணுது, இது என் ஊகம்தான். கோச்சே சொல்லிக் குடுக்கலாம், தனி மெஷின் வேணாம்.

12 ஜனவரி, இரவு 11:55

தூக்கம் வரல, சட்டத்துக்கு வர்றேன்.

2014ல கலிஃபோர்னியா பல்கலைக்கழகம், ரிவர்சைட் கிளை, அங்க உள்ள பேஸ்பால் டீமுக்கு ஒரு கம்ப்யூட்டர் கண் பயிற்சி குடுத்து, பார்வை கூடுச்சு, அந்த சீசன்ல கூடுதலா 41 ரன் வந்துச்சு, நாலஞ்சு மேட்சு அதிகமா ஜெயிச்சதுக்கு சமம்னு ஒரு கட்டுரை. பெரிய ஜர்னல், பேப்பர்லயெல்லாம் வந்துச்சு. ஒப்பிட்டுப் பாக்க வச்ச குரூப்பு எதுவும் செய்யாத குரூப்பு, டிவி பாக்குற குரூப்பு மாதிரி ஒண்ணு அதுல இல்ல. அந்தப் பயிற்சி அல்டிமைஸ்ங்குற பேர்ல ஒரு ஆப்பா வித்துச்சு.

2015 செப்டம்பர்ல அமெரிக்காவோட எஃப்டிசி, வியாபாரத்துல ஏமாத்துறத கண்காணிக்குற அமைப்பு, அந்த ஆப் கம்பெனி மேல பாஞ்சுது. கண்ணாடி தேவை கொறையும், பார்வை கூடும்ங்குற விளம்பரத்துக்கு போதுமான விஞ்ஞான ஆதாரம் இல்லன்னும், ஆய்வு செஞ்சவங்கள்ல ஒருத்தரே கம்பெனில பங்கு வச்சிருந்தத சரியா சொல்லலன்னும் குற்றச்சாட்டு. 1,50,000 டாலர் கட்டி சமரசமா முடிச்சுக்கிட்டாங்க. அடுத்த ஜனவரில லுமாசிட்டின்னு ஒரு மூளைப் பயிற்சி கம்பெனியும் இதே மாதிரி 20 லட்சம் டாலர் கட்டி முடிச்சுக்கிச்சு.

இதுல கவனிக்க வேண்டியது, "இந்தப் பயிற்சி வேலை செய்யாது"ன்னு எஃப்டிசி நிரூபிக்கல, அது அவங்க வேலையும் இல்ல. "நீ சொல்றதுக்கு ஆதாரம் எங்க"ன்னு கேட்டாங்க. நிரூபிக்குற பாரம், விக்குறவன் தலையில. நாம இங்க என்ன பண்றோம், "வேலை செய்யாதுன்னு ஒனக்கு எப்படித் தெரியும்"னு வாங்குறவன கேக்குறோம், வீட்டுக்காரம்மாவ கேக்குறோம்.

சிங்கப்பூர்ல 2003ல கொண்டு வந்த பயனீட்டாளர் பாதுகாப்பு, நியாய வர்த்தகச் சட்டம் இருக்கு, பொய்யா ஒரு பலன் இருக்குன்னு சொல்லி விக்குறது அதுல நியாயமில்லாத நடைமுறை. கேஸ்னு சொல்ற பயனீட்டாளர் சங்கத்துக்குப் போகலாம், சிறு கோரல் நடுவர் மன்றத்துக்கும் போகலாம், 20,000 வெள்ளி வரைக்கும், ரெண்டு தரப்பும் ஒத்துக்கிட்டா 30,000 வரைக்கும், வக்கீல் கெடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போகணும்.

ஆனா அங்க போய் நின்னா என்ன நடக்கும்னு எனக்கு வேலை அனுபவத்துல தெரியும். "அவரு சொன்னாருங்க." எப்ப சொன்னாரு? "போன மாசம்." என்ன வார்த்தை சொன்னாரு? "அது வந்து... நல்லா வருவான்னாரு." நல்லா வருவான்ங்குறத எந்தச் சட்டத்துல பிடிக்க முடியும்? நான் அந்த வார்த்தைய ஆங்கிலத்துல மாத்திச் சொல்லும்போதே அது காத்துல போயிடும். அதனால காசு கட்டறதுக்கு முன்னாடி வாட்ஸ்அப்ல ரெண்டே கேள்வி அனுப்புங்க: எது எவ்வளவு முன்னேறும்? எந்த ஆய்வுல, யாரு மேல நிரூபிச்சது? பதில் எழுத்துல வரட்டும்.

13 ஜனவரி

"அண்ணே இவ்வளவு யோசிச்சா சிங்கப்பூர்ல பிள்ளை வளக்க முடியாது"ன்னு ஒருத்தர். கியாசு, அதாவது எதையும் விட்டுடக்கூடாதேன்னு பயப்படுற கூட்டம், அந்தப் பாசறைலேர்ந்து வாழ்த்துகள் வந்து சேந்துச்சு.

15 ஜனவரி, இரவு

அந்தக் கிண்டல் மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு, மகன்கிட்ட கேட்டேன், நாம ஏன் இதுக்கெல்லாம் காசு குடுக்குறோம். அவன் டார்பி, கார்னின்னு ரெண்டு பேரு 1973ல ஜர்னல் ஆஃப் லா அண்ட் எகனாமிக்ஸ்ல எழுதுன கட்டுரைய அனுப்புனான். தலைப்பே வம்புதான்: தடையில்லா போட்டியும் மோசடியோட உகந்த அளவும். உகந்த அளவாம்! சாரம் இதுதான். சில பொருள வாங்குறதுக்கு முன்னாடியே பாத்துத் தெரிஞ்சுக்கலாம், துணி மாதிரி. சிலது வாங்கித் தின்னு பாத்தா தெரியும். மூணாவது ரகம், வாங்கி உபயோகிச்ச பெறகும் அது ஒதவுச்சா இல்லையான்னு ஒங்களுக்குத் தெரியவே தெரியாது. அவங்க உதாரணம் ரிப்பேரு, டாக்டர் மாதிரி தொழிலு, கோளாறு என்னன்னு சொல்றவனே அத சரி பண்ணி காசும் வாங்குறான்.

பன்னெண்டு வயசுப் பையன எடுத்துக்கோங்க. மூணு மாசத்துல வளருவான், ப்ராக்டீஸ் பண்ணுவான், ஆட்டம் எப்படியும் கூடும். அதுல கண் பயிற்சி பங்கு எவ்வளவுன்னு யாரு பிரிச்சு சொல்றது? கூடுனா "பாத்தீங்களா". கூடலன்னா "அட்வான்ஸ்ட் பேக்கேஜ் எடுங்க". விக்குறவன் தோக்க வழியே இல்லாத யாவாரம்.

இன்னொண்ணும் சொன்னான், இஸ்ரேல்காரங்க 2007ல எழுதுனது. 286 பெனால்டி கிக்க எடுத்துப் பாத்தா, கோல்கீப்பர் நடுவுல நின்ன தடவை 6.3 சதவீதம்தான், மத்ததெல்லாம் ஏதோ ஒரு பக்கம் குதி. ஆனா நடுவுல நின்னவன் கிட்டத்தட்ட மூணுல ஒண்ண பிடிச்சான், குதிச்சவன் ஏழெட்டுல ஒண்ணு. அப்புறம் ஏன் குதிக்குறான்? நின்னு கோல் வாங்குனா "சும்மா நின்னான் பாரு"ம்பாங்க, குதிச்சு வாங்குனா "முயற்சி பண்ணான்"ம்பாங்க. "நீங்க எனக்கு டியூஷன் வச்சதும் இதுதாம்பா"ன்னு முடிச்சான். ஃபோன வச்சுட்டேன்.

16 ஜனவரி

பெனால்டி விஷயத்துல ஒரு ரெண்டாவது யோசனை. எல்லா கீப்பரும் நடுவுல நிக்க ஆரம்பிச்சா அடிக்குறவன் நடுவுல அடிப்பானா, ஓரத்துக்குப் போயிடுவான், அந்த மூணுல ஒண்ணு காணாமப் போயிடும். அதனால 286 கிக்க வச்சு கீப்பர முட்டாள்னு சொல்லிட முடியாது. 2003ல பலாசியோஸ் வேர்த்தா 1,417 பெனால்டிய பாத்துட்டு, ஆட்டக்காரங்க கிட்டத்தட்ட கணக்கு சொல்றபடியேதான் பக்கம் மாத்தி மாத்தி ஆடுறாங்க, எதிராளி ஊகிக்க முடியாதபடின்னு எழுதியிருக்காரு. படிக்காமலே கேம் தியரி ஆடுறாங்க. பெத்தவங்க விஷயத்துல மட்டும், சும்மா நிக்க பயந்துதான் குதிக்குறோம்ங்குற கட்சிய நான் நம்புறேன், ஏன்னா நமக்கு எதிர்ல யாரும் மாத்தி அடிக்கப் போறதில்ல.

18 ஜனவரி, ஞாயிறு, மேட்ச் முடிஞ்சு வந்து

"அம்பயர் கண்ணுக்கு ட்ரெய்னிங் குடுக்கணும் மொதல்ல"ன்னு ஒருத்தர். இன்னிக்கு எல்பிடபிள்யூ அவுட் குடுக்காததுக்கு பௌலர் மொறைச்ச மொறைப்புல எனக்கே ஒரு மாதிரிதான் இருக்கு, அதனால சொல்றேன் அந்த எடத்துல நின்னா என்ன தெரியும்னு. பௌலர் வர்றான். என் கண்ணு கீழ, அவன் முன்னங்கால் கோட்டத் தாண்டுதான்னு. கால் விழுந்த ஒடனே கண்ண தூக்கி அந்தப் பக்க பேட்ஸ்மேன்கிட்ட கொண்டு போகணும், அரை விநாடி கூட கெடையாது, கிட்டப் பாத்த கண்ணு தூரத்துக்கு மாறி நிக்கறதுக்குள்ள பந்து பாதி வந்துருக்கும். எங்க பிட்ச் ஆச்சு, பேட்ல பட்டுச்சா பேட்ல படாம கால்ல பட்டுச்சா, ஸ்டம்ப்புக்கு போகுமா, இத்தனையும் அந்த மிச்ச நேரத்துல. சர்வதேச மேட்சுல 2020லேர்ந்து நோபால மூணாவது அம்பயர் பாக்க ஆரம்பிச்சது சும்மா இல்ல. எங்களுக்கு மூணாவது அம்பயர்னா பெஞ்சுல ஆரஞ்சு உரிச்சுக்கிட்டு இருக்குற செயலாளர்தான்.

கண்ணு ஒரு பக்கமா தப்பு பண்ணும்ங்குறதுக்கும் ஆய்வு உண்டு. 2008ல விட்னியும் கூட்டாளிகளும் விம்பிள்டன் பாயின்ட் 4,000க்கு மேல பாத்தாங்க. தப்பான தீர்ப்பு 83. அதுல 70 தடவ, உள்ள விழுந்த பந்த அவுட்னு சொல்லியிருக்காங்க. ஓடுற பொருள மூளை அது போற தெசைல கொஞ்சம் தள்ளி வச்சுப் பாக்குது, அதனால பந்து நெசமா விழுந்த எடத்துக்கு அப்பால விழுந்த மாதிரி தெரியுது. இதுல ஆட்டக்காரனுக்கு லாபமும் இருந்துச்சு: அப்ப சேலஞ்ச் பண்றதுன்னா, அதாவது தீர்ப்ப மறுபடி பாக்கச் சொல்றதுன்னா, "அவுட்"னு சொன்னதத்தான் அதிகமா பண்ணியிருக்கணும். ஃபுட்பால் ஆஃப்சைடுக்கு 2000ல டச்சுக்காரங்க சொன்ன காரணம் வேற, லைன்ஸ்மேன் கடைசி டிஃபெண்டருக்கு நேர் கோட்டுல நிக்காம கொஞ்சம் தள்ளி நிக்குறதால கோணமே தப்பா காட்டுது. அவனுக்கு கழுகு கண்ணு இருந்தாலும் தப்புதான் வரும்.

19 ஜனவரி

கோர்ட்டுல கண்ணால பாத்த சாட்சிய எப்படி எடுத்துக்குறாங்கன்னு தனியா கேட்டிருந்தாங்க. 1998ல ஹெங் ஐக் ரென் தாமஸ் வழக்குல நம்ம மேல்முறையீட்டு நீதிமன்றம் மூணு படி வச்சுது, இங்கிலாந்தோட டர்ன்புல் வழக்க தழுவி. வழக்கு முக்கியமா அடையாளம் காட்டுனதயே நம்பி நிக்குதா? அப்ப அந்தப் பார்வை தரமானதா, எவ்வளவு நேரம் பாத்தாரு, எவ்வளவு தூரம், நடுவுல மறைப்பு உண்டா, முன்னாடியே பழகுன முகமா? தரம் கொறைச்சல்னா வேற ஆதாரம் தாங்குதா? "ஒங்க கண்ணு நல்ல கண்ணா"ங்குறத விட அன்னிக்கு என்ன பாக்க முடிஞ்சுதுங்குறதுதான் அங்க முக்கியம். ஸ்போர்ட்ஸ் விஷன் சென்டர்காரங்க இந்தத் தீர்ப்ப ஒரு தடவ படிக்கலாம்.

"வீடியோ இருக்கும்போது கண்ணு எதுக்கு"ன்னு கேட்ட தம்பிக்கு: 2016ல கருசோவும் கூட்டாளிகளும் அமெரிக்கால ஒரு ஆய்வு செஞ்சாங்க. ஒரே வீடியோ, சில பேருக்கு சாதாரண வேகம், சில பேருக்கு ஸ்லோ மோஷன். ஸ்லோ மோஷன்ல பாத்தவங்க "வேணும்னேதான் செஞ்சான்"னு அதிகமா சொன்னாங்க, கொள்ளைல சுட்ட காட்சிக்கும் அப்படித்தான், அமெரிக்க ஃபுட்பால் மோதலுக்கும் அப்படித்தான். யோசிக்க அவனுக்கு நேரம் இருந்த மாதிரி நமக்குத் தோணிடுது. ஃபுட்பால்ல வீடியோ பாத்து தீர்ப்பு சொல்ற விஏஆர் விதில இத கொஞ்சம் கவனிச்சிருக்காங்க, எங்க பட்டுச்சுன்னு பாக்கத்தான் ஸ்லோ மோஷன், எவ்வளவு வேகமா மோதுனான்ங்குறதுக்கு சாதாரண வேகத்துல பாக்கணும். டிவிலதான் அத விட்டுட்டு பத்து தடவ மெதுவா போட்டு நம்ம பிபிய ஏத்துறாங்க.

24 ஜனவரி

பொங்கோல் அப்பா அப்டேட் போட்டிருக்காரு, பாத்தீங்களா. கண்ணு டெஸ்ட்ல பவர் இப்ப 350ஆம். பட்டி வச்ச கண்ணாடி வாங்கியாச்சு, பையன் மொத நாளு மொணங்கிட்டு, மறுநாளு "நெட்டுக்கு அந்தப் பக்கம் ஆள் மூஞ்சி தெரியுது"ன்னானாம். இத்தன நாளும் மூஞ்சி தெரியாமதான் ஆடியிருக்கான் பாவம்.

சென்டர்லேர்ந்து எழுத்துல பதிலும் வந்துச்சாம். எவ்வளவு முன்னேறும்ங்குறதுக்கு "ஒவ்வொரு குழந்தைக்கும் மாறும்". ஆய்வுன்னு ஒரு கட்டுரைய அனுப்பியிருக்காங்க, அந்த விட்டு விட்டுத் தெரியுற கண்ணாடி பத்தி, 2013, அமெரிக்காவுல ஐஸ் ஹாக்கி. கட்டுரை உண்மைதான், நானும் படிச்சிருக்கேன். கரோலினா ஹரிகேன்ஸ் டீம், மொத்தம் 11 பேரு. கண்ணாடி போட்டுப் பழகுனவங்க 18 சதவீதம் முன்னேற்றம். ஆனா எழுதுனவங்களே இத முன்னோட்ட ஆய்வுன்னுதான் தலைப்புலயே போட்டிருக்காங்க. பதினோரு வளந்த ஹாக்கிக்காரன வச்சு பொங்கோல் பி6 பையனுக்கு 1,400 வெள்ளி பில்லு போடறது கொஞ்சம் துணிச்சல்தான். அந்தக் கண்ணாடிகளே பயனில்லன்னு நான் சொல்லல, இன்னும் பெரிய ஆய்வு வந்தா பாப்போம்.

25 ஜனவரி, இரவு 9:30

வீடியோ நிறுத்துற விளையாட்ட அவங்க வீட்டுலயும் ஆடுனாங்களாம். பையன் பாதிக்கு மேல சரி. அப்பா எனக்கு தம்பிதான், எல்லாம் ஸ்மாஷ். அம்மா பையன விடக் கரெக்டா சொன்னாங்களாம், "கோர்ட் ஓரமா உக்காந்து பாத்துப் பாத்தே வந்துருச்சு போல"ன்னு எழுதியிருக்காரு.

எனக்கு அது சரியா படல. அக்லியோட்டியும் கூட்டாளிகளும் 2008ல இத்தாலில பாஸ்கெட்பால் ஆட்டக்காரங்களயும், வருஷக்கணக்கா பாத்துக்கிட்டே இருக்குற கோச்சு, ஸ்போர்ட்ஸ் நிருபருங்களயும் ஒப்பிட்டாங்க, பந்து கூடைல விழுமா விழாதான்னு படத்த வெட்டிக் கேட்டாங்க. ஆடுறவங்கதான் சீக்கிரமாவும் சரியாவும் சொன்னாங்க, பந்து கைய விட்டுப் போறதுக்கு முன்னாடியே, ஒடம்பு அசைவ வச்சு. வெறும் பாத்தவங்களால அது முடியல. அதனால அம்மாகிட்ட நல்லா விசாரிங்கன்னு போட்டேன்.

இப்பத்தான் பதில் வந்துச்சு. அவங்க செகண்டரி ஸ்கூல்ல டீமுக்கு ஆடுனவங்களாம், கல்யாணத்துக்கு அப்புறம் யாரும் கேக்கல, அவங்களும் சொல்லலயாம். 1,400 வெள்ளி வேணாம்னு மொத நாளே சொன்னதும் அவங்கதான். அப்பா என்ன ஆடுனீங்கன்னு கேட்டேன். கேரம்னாரு.